நத்தாருக்கு முந்திய நான்கு வாரங்கள்

1692 இல் கண்டிக்கு வந்த ஜோசப் வாஸ் அடிகளாரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்து, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் சிறையில் அடைத்தான். காவல் சற்றுத் தளர்ந்ததும், கோவாவிலிருந்து வந்த அந்தக் குரு அங்கேயே ஒரு குடிசை கட்டி அதை ஆலயமாக்கினார். அவர் கண்டிக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1689 நத்தார் இரவில், யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தர் பிடித்துச் சிறையிட்டிருந்தனர். கூடி நின்று செபிப்பதே துணிவாக இருந்த காலம் அது. 1697 இல் கண்டியை அம்மை சூறையாடியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளை மதம் பாராமல் பராமரித்தவரும் வாஸ் அடிகளார்தான். 1711 இல் கண்டியிலேயே கண்மூடினார். 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். கண்டிக் கிறிஸ்தவத்தின் வேர் அந்தச் சிறைக் குடிசையில் இருக்கிறது. நம் டிசம்பர் மாதத்தை அதன் அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கோப்பிக் காலத்தில் இன்னொரு கிளை வளர்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்த தொழிலாளரிடையே பணியாற்ற 1854 இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் தமிழ் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். வேலை முடிந்த மாலையில் பிரட்டுக்களமோ லயத்து வாசலோ கோயிலானது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை மலைகளில் நத்தார் அப்படித்தான் வேர்விட்டது.

பின்னாளில் தேயிலைத் தோட்டங்களில் தொடர்ந்த அந்த நத்தாரை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு, மூங்கில் தப்பையில் வண்ணக் கடதாசி ஒட்டிய நட்சத்திரம், ஓடையோரத்துப் பாசியும் மானாப் புல்லும் வைத்துப் பிள்ளைகள் கட்டிய பாலன் குடில். பனியில் பெற்றோமாக்ஸ் விளக்கோடு கரோல் கூட்டம் ஒவ்வொரு வாசலிலும் நின்று பாடும். உள்ளே இருப்பவர் பிளேன்டீ தருவார். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற பேதம் அந்த நடைக்கு இருக்கவில்லை. நத்தாருக்குப் போன முறுக்குத் தட்டு, பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வரும்.

இதைச் சொல்லும்போது அந்த வறுமைக்குப் பொன் பூசக் கூடாது. அன்றைய எளிமையை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. சம்பளம் அதைத் திணித்தது. பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்த தாய்தான் இரவில் விறகடுப்பின் முன் முறுக்குப் பிழிந்தாள். பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு புது உடுப்பு, அதுவும் முற்பணத்தில். கையிலிருந்தது குறைவு. ஆனாலும் அந்தக் குறைவுக்குள் பாட்டுக்கும் செபத்துக்கும் அயல்வீட்டுக்கும் நேரம் இருந்தது.

இன்று கையில் பொருள் கொஞ்சம் கூடியிருக்கிறது, நேரம் சுருங்கிவிட்டது. டிசம்பர் பிறந்தால் கண்டி நகருக்குள் பஸ் ஊர்ந்துதான் நுழைகிறது. கொழும்பு வீதிப் புடவைக் கடைகளில் நிற்க இடமில்லை. சிட்டி சென்டர் மின்விளக்கில் மின்னுகிறது. ரிச் கேக்குக்கு ரவையும் முந்திரியும் பூசணித் தோசியும் தேடி அலைய வேண்டும். அலுவலக விருந்து, பாடசாலைக் கரோல், ஞாயிறு பாடசாலைப் பரிசளிப்பு என்று ஒரு மாலையும் ஓய்வில்லை. கொழும்பிலும் வளைகுடாவிலும் உழைக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள், அவர்கள் முன் வீடு குறையாகத் தெரியக் கூடாதே என்ற தவிப்பு வேறு. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயானது, 2024 இல் 1,350 ஆனது. தோட்டச் சம்பளத்தில்தான் இதற்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டும். முற்பணம் டிசம்பரில் இனிக்கும். அடுத்த மாதங்களின் சம்பளத்தில் வெட்டும்போது கசக்கும். இத்தனையையும் தலையில் சுமப்பவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அன்று விறகடுப்பின் முன் நின்றவளின் மகள் இன்றும் நின்றுகொண்டேதான் இருக்கிறாள். நள்ளிரவு வழிபாட்டுக்கு அவள் வந்து சேரும்போது அவளிடம் மிஞ்சியிருப்பது தூக்கம் மட்டுமே.

ஆலயங்களும் இந்த ஓட்டத்தில் சேர்ந்துவிட்டன என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பாடகர் குழுவுக்கு ஒரே நிறச் சேலை, மேடைக்கு வாடகை விளக்கு, பக்கத்துப் பங்கைவிடப் பெரிய நிகழ்ச்சி. இவ்வளவுக்கும் திருச்சபை நமக்குத் தந்திருப்பது திருவருகைக் காலம் என்ற நான்கு வாரங்கள். காத்திருக்கவும் மனந்திரும்பவும் தந்தவை. அவற்றை நாம் கடைவீதிக்குக் கொடுத்துவிட்டோம். இயேசு பிறந்த இரவில் எதுவும் ஆயத்தமாக இருக்கவில்லை. சத்திரத்தில் இடமே இல்லை. ஆயத்தமில்லாத இடத்துக்கு வந்தவரை வரவேற்க நாம் இளைத்துப்போகும் வரை ஆயத்தம் செய்கிறோம்.

2025 இல் அந்த ஓட்டம் ஒருமுறை நின்றது. நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்தது. மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் கண்டி. நவம்பர் 30, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, மண்ணுக்குள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நாள். பாடசாலைகளும் வழிபாட்டுத் தலங்களும் தங்குமிடங்களாயின. பலகாரத்துக்கு ஒதுக்கிய காசு உலர் உணவுப் பொதியானது. அம்மைக் காலத்தில் வாஸ் அடிகளார் செய்ததன் தொடர்ச்சியை அங்கே கண்டேன். நத்தார் குறைந்துபோனதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எளிமையைக் கற்றுக்கொள்ள மலை சரிய வேண்டியதில்லை. அன்று வறுமையும் பேரிடரும் திணித்ததை இன்று நாமே விரும்பி எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் நம் தாய்மாருக்குக் கிடைக்கவில்லை, நமக்குக் கிடைத்திருக்கிறது. பலகாரம் ஒரு வகை போதும், அதையும் ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யட்டும். கடன்பட்டு உடுப்பு வேண்டாம். பங்குச் சபைகள் இரண்டு நிகழ்ச்சிகளைக் குறைத்து, ஒரு மாலையாவது லயத்துக்கும், வீடிழந்தோர் இருக்கும் இடத்துக்கும் கரோல் கூட்டத்தை நடத்திச் செல்லட்டும். திருவருகைக் காலம் தொடங்கும் ஞாயிறன்று வீட்டார் கூடி உட்கார்ந்து, இந்த நத்தாருக்கு எதை விட்டுவிடுவது, யார் வீட்டுக்குப் போவது என்ற இரண்டை மட்டும் பேசி முடிவெடுத்துவிட்டால், மற்ற மூன்று வாரங்களும் செபத்துக்கு மீளும்.