நட்சத்திர ஓட்டலில் நம் மலைச் சாமை

சாமை தெரியாத மளிகைக்காரர் நம்மில் இருக்க மாட்டார். ஆனால் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் நம் கடையில் அதைக் கேட்டு வந்தவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். விரதம் இருக்கும் வீட்டார், சர்க்கரை வியாதிக்காரப் பெரியவர், வீட்டில் குருவி வளர்ப்பவர். கடையின் பின்கட்டில் ஒரு கோணி இருக்கும். அதன்மேல் தூசி இருக்கும். அந்தச் சாமையைத்தான் சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில், கண்ணாடிக் கிண்ணத்தில், மேலே ஒரு புதினா இலை செருகிய கோலத்தில் பார்த்தோம். விலையை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஒரு கிண்ணத்தின் விலைக்கு நம் கடையில் சில கிலோ வாங்கிச் செல்லலாம் என்று மட்டும் சொல்லி வைப்போம்.

நாங்கள் ஜவ்வாது மலை அடிவாரத்துப் போளூர்ப் பக்கத்து வியாபாரிகள். வசூலுக்கும் கொள்முதலுக்கும் சென்னை போனால் மெஸ்ஸில் சாப்பிட்டுத் திரும்புவதே வழக்கம். இம்முறை வேண்டுமென்றே மூன்று பெரிய ஓட்டல்களுக்குள் நுழைந்தோம். எங்களோடு வந்த நண்பர் செருப்பை எங்கே விடுவது என்று வாசலில் கேட்டார், காவலாளி சிரித்துவிட்டார். நோக்கம் சாப்பாடு மட்டுமல்ல, சரக்கு எங்கே போகிறது என்று பார்ப்பதும்தான்.

சென்னையில் நாகரிகமாகச் சாப்பிடுவது என்றால் நம் தலைமுறைக்கு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962இல் தொடங்கி 2008இல் மூடிய அந்த இடத்தில் காரை விட்டு இறங்காமலே தோசை சாப்பிடலாம். 1974இல் தாஜ் கோரமண்டல் வந்தது. அந்தக் காலத்தில் நட்சத்திர ஓட்டல் என்றால் வடநாட்டு, சீன, மேல்நாட்டுச் சமையல் என்றே பெயர். நம் ஊர்ச் சாப்பாட்டை நட்சத்திர ஓட்டலில் கௌரவமாக உட்கார வைத்ததில் 1989இல் பார்க் ஷெரட்டன் ஓட்டலில் திறந்த ‘தக்ஷிண்’ உணவகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஓட்டல் பின்பு பெயர் மாறி, 2023 இறுதியில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அது போட்ட பாதை மூடவில்லை. 2017இல் ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் தொடங்கிய ‘அவர்தனா’வில் தக்காளி ரசத்தைக் கண்ணாடிக் கோப்பையில் தருகிறார்கள், அது 2024இல் ஆசியாவின் சிறந்த ஐம்பது உணவகங்களின் பட்டியலில் இடம் பிடித்தது. ரசத்துக்கே இந்த மரியாதை என்றால் சாமைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

வந்தும்விட்டது. இந்தியா முன்வைத்த தீர்மானத்தின்படி ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று டெல்லி பாரத் மண்டபத்தில் ஜி-20 தலைவர்களுக்குக் குடியரசுத் தலைவர் அளித்த விருந்தில் முதலில் தினையில் செய்த மொறுமொறுப்பு. அடுத்துப் பலாவில் செய்த பண்டம், பக்கத்தில் சாமை மொறுமொறுப்பு. கடைசியில் ஏலக்காய் மணக்கும் குதிரைவாலி இனிப்பு. பலாவும் சாமையும் ஒரே தட்டில்! ஜமுனாமரத்தூர்க்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால், “இது எங்க வீட்டுச் சாப்பாடாச்சே” என்றிருப்பார்.

இனி நம் சங்கதிக்கு வருவோம். ஓட்டல்காரர்கள் சாமை கேட்கத் தொடங்கியதும் எங்கள் கடைக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. சென்னை உணவகம் ஒன்றின் தலைமைச் சமையற்காரர் தெரிந்தவர் மூலம் தொடர்பு கொண்டு ஒரு மூட்டை கேட்டார். எங்களிடம் அரைத்து வைத்த சாமை அரிசி இருந்தது. ஆலையில் நன்றாகப் பாலிஷ் போட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. நான்கைந்து மாதம் கோடைக் காலத்தில் கிடங்கில் கிடந்த சரக்கு என்பதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. சலித்து, புடைத்து, லாரியில் ஏற்றிவிட்டோம்.

மூன்றாம் நாள் போன் வந்தது. “அண்ணாச்சி, நேராவே சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. பொங்கல் வெச்சோம், காறல் அடிக்குது. நெய்யை ஊத்தினா வாடை இன்னும் தூக்குது. கல்லும் ரெண்டு இருந்துச்சு. இங்க ஒருத்தர் பல்லுல கல்லு பட்டா எங்க மானம் போயிடும்” என்றார். மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். போக வர லாரி வாடகை எங்கள் தலையில். அதைவிட, “சரக்கு உங்க மலையில விளையறதுதானே, உங்களுக்கே தெரியலையா?” என்று அவர் கேட்டதுதான் உறைத்தது.

விடை தேடி மலையேறினோம். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஒரு மலையாளிப் பழங்குடி மூதாட்டியிடம் அந்தச் சரக்கில் ஒரு பிடியைக் காட்டினோம். அவர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, மோந்து பார்த்தார். “குத்தி வெச்சு எத்தனை மாசம் ஆச்சு?” என்றார். பாலிஷ் போட்டதையோ கல் இருந்ததையோ அவர் முதலில் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் சாமை உமியோடுதான் இருக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் உரலில் குத்திக்கொள்வார்கள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தவிட்டில் எண்ணெய்ச் சத்து உண்டு. உமி இருக்கும்வரை அது பத்திரம். உமி நீங்கி, தவிடு காற்றுப் பட்டதும் எண்ணெய் கெடத் தொடங்கும். கோடை வெப்பத்தில் இன்னும் விரைவாகக் கெடும். பாலிஷ் போட்டாலும் ஒட்டியிருக்கும் தவிடு வாடையைக் கொடுத்துவிடும். முழுக்கப் பாலிஷ் போட்டால் வாடை குறையலாம். ஆனால் ஓட்டல்காரர் எதற்காகச் சாமையைத் தேடி வந்தாரோ அந்த நார்ச்சத்தும் தவிட்டோடு போய்விடும். உமியோடு, ஈரமில்லாமல் காய வைத்துக் கட்டினால் அதே தானியம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வண்டும் அந்துப்பூச்சியும்கூட உமித் தானியத்தை அவ்வளவு எளிதில் தொடுவதில்லை.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். அறுவடையில் உமியோடு வாங்கி அடுக்குகிறோம். ஆர்டர் வந்த பிறகே ஆலைக்குப் போகும். நூறு கிலோ போட்டால் ஏறக்குறைய அறுபது முதல் எழுபது கிலோ வரைதான் அரிசி கிடைக்கும். இதைக் கணக்கில் வைக்காமல் விலை சொன்னால் கையைச் சுட்டுக்கொள்வோம். ஒரே ஓட்டத்தில் உமி முழுக்க நீங்காது. மிச்சத்தைப் பிரித்து மறுபடி போட வேண்டும். கல் எடுக்க இயந்திரம் இருந்தாலும் முறத்தில் கொழித்துப் பார்க்கும் கைக்கு ஈடில்லை என்பது எங்கள் அனுபவம். அந்த வேலைக்கு இரண்டு அம்மாக்கள் வருகிறார்கள். அவர்கள் கூலி இல்லாத சாமை விலை பொய் விலை.

இன்னொரு கவனம் வேண்டும். உமி நீக்கிய சாமையும் குதிரைவாலியும் பனிவரகும் அவசரப் பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும். சில்லறை வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். ஓட்டல் சமையலறையில் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் அளவும் நேரமும் எழுதி வைத்திருக்கிறார்கள். கலந்து போனால் ஒரு அண்டா வீண். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பதினைந்து வகைச் சிறுதானியங்களுக்கு வகுத்த பொதுத் தர அளவு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஈரப்பதம், கல் மண், பிற தானியக் கலப்பு, வண்டரித்த மணி எல்லாவற்றுக்கும் அதில் வரம்பு உண்டு. பெரிய ஓட்டல்கள் இதைக் கேட்கும். வரியைப் பொறுத்தவரை, 25 கிலோ வரை முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய தானியத்துக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது, லேபிள் இல்லாத சில்லறைச் சரக்குக்கு அது இல்லை. உங்கள் விற்பனை எந்த வகையில் வருகிறது என்று தணிக்கையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று பையில் அச்சடிக்கும் ஆசை மட்டும் யாருக்கும் வேண்டாம்.

மலையில் இன்னொன்றையும் பார்த்தோம். பழங்குடி உழவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறார்கள். சாமை, தேன், புளி, மிளகு என்று பொட்டலம் கட்டி நேரே விற்கிறார்கள். நம்மவர் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க நமக்கு உரிமை குறைவு என்பது எங்கள் கருத்து. மலையில் படிக் கணக்கில் வாங்கி, கீழே எடைக் கணக்கில் விற்று, நடுவில் நின்ற வித்தியாசத்தைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. விதைப்புக்கு முன்பணம் கொடுத்து அறுவடையை அப்படியே எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ரேஷன் அரிசி மலையேறிய பிறகு சாமை விதைப்பதே குறைந்ததற்கு, கட்டாத விலையும் ஒரு காரணம்.

இப்போது நாங்கள் அந்த நிறுவனத்திடமும் வாங்குகிறோம், தனி விவசாயிகளிடமும் வாங்குகிறோம். இரண்டு இடத்திலும் தராசில் நிறுத்து, அன்றே பணம். இரண்டு மூட்டை, மூன்று மூட்டை என்று கேட்கும் சிறு உணவகங்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை புதிதாய் உமி நீக்கிக் கொடுக்க அடிவாரத்தில் ஒரு கடை தேவைப்படுகிறது. அந்த இடம் காலியாகவே கிடந்தது.

திருப்பி அனுப்பிய அந்தச் சமையற்காரரை மறுபடி போய்ப் பார்த்தோம். அரைத்து நான்கே நாளான சாமை ஐந்து கிலோ, காசில்லாமல், மாதிரிக்கு. நிறம் சற்று மங்கலாக இருந்ததைப் பார்த்து யோசித்தார். ஒரு கைப்பிடியை ஊறவைத்து, எங்கள் கண் முன்னாலேயே வேகவைத்து, உப்புகூடப் போடாமல் வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உதவியாளரிடம், “இந்த அண்ணாச்சி நம்பரை எழுதி வை” என்றார். முதல் ஆர்டர் முப்பது கிலோ. ஒரு மாதக் கடன் கேட்டார். பதினைந்து நாள் என்று பேசி முடித்தோம்.