மென்பந்துத் திடலில் நிற்கும் உரிமை

கிரிக்கெட்டில் பழகிய கண்களுக்குச் சாஃப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டம் முதற்பார்வையில் ஒரு வியப்பை அளிக்கும். மட்டையாளர் பந்தை மெல்லத் தட்டிவிடக்கூடும் என ஐயுற்றால், மூன்றாம் தளத்தைக் காக்க வேண்டியவர் அத்தளத்தை விட்டுப் பாதித் தொலைவு முன்னேறி வந்து குனிந்து நிற்பார். தளங்களுக்கு இடையே 60 அடியே உள்ள சிறுதிடல் இது. ஆதலின் அவருக்கும் மட்டைக்கும் இடைவெளி ஏறத்தாழ 30 அடிதான். இதற்கு விதி இடந்தருகிறதா என்று மாணவர் வினவுவது இயல்பே.

இடந்தருகிறது என்பதே விடை. காக்கும் அணியினர் ஒன்பதின்மருள் விதி ஓரிடத்தில் கட்டிவைப்பது இருவரை மட்டுமே. பிட்சர் எனப்படும் எறியாளர் தமக்குரிய பலகையைத் தொட்டு நின்று எறிதல் வேண்டும். கேட்சர் எனப்படும் பிடிப்பாளர், 10 அடி நீளமும் 8 அடி 5 அங்குல அகலமும் உடைய கட்டத்தினுள் இருத்தல் வேண்டும். பந்து எறியாளரின் கையை விட்டு நீங்குமுன் அவர் வெளியேறினால் அவ்வெறி முறையற்றதாகும். எஞ்சிய எழுவர்க்கும், முதல் தளத்தையும் மூன்றாம் தளத்தையும் தொட்டு நீளும் இரு கோடுகளுக்கு உட்பட்ட திடல் முழுவதும் உரியது. எறிந்த பின்னர் கோட்டைக் கடந்தும் ஓடிப் பந்தைப் பிடிக்கலாம். 'முதல் தளக் காப்பாளர்' முதலிய பெயர்கள் வழக்கேயன்றிச் சட்டமல்ல. கிரிக்கெட்டில் லெக் பக்கத்தின் பின்புறம் இருவருக்கு மேல் நிற்கலாகாது. பேஸ்பாலிலும் அமெரிக்காவின் மேஜர் லீக் 2023 முதல், உட்களக் காப்பாளர் நால்வரும் இரண்டாம் தளத்தின் இருமருங்கும் இவ்விருவராக நிற்க வேண்டுமென வரையறுத்துவிட்டது. மென்பந்தில் அத்தகைய தளை இல்லை. அது நன்றே என்பது என் கருத்து.

ஆயின், எங்கும் நிற்கலாம் என்பதனால் எதற்காகவும் நிற்கலாம் என்பதன்று. மட்டையாளரின் பார்வைக் கோட்டில் எவரும் நிற்றல் கூடாது. வேண்டுமென்றே அவர் கவனத்தைக் கலைத்தலும் கூடாது. மீறியவர் ஆட்டத்தினின்றே வெளியேற்றப்படுவர். பந்து எறியப்பட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இத்தகைய சூழ்ச்சிக்குப் பேஸ்பாலில் பெயர் பெற்ற நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1950ஆம் ஆண்டு நியூயார்க் அணியின் எடி ஸ்டாங்கி, எறியாளருக்குப் பின்னே மட்டையாளர் காணுமாறு நின்று கைகளை வீசினார். அன்று அதனைத் தடுக்கத் தெளிவான விதி இல்லை. லீக்கின் தலைவர் தலையிட்டே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஓடுபவர்க்கும் இத்தகைய காப்பு உண்டு. கையில் பந்தின்றி அவர் வழியை மறித்து நின்றால் அது தடை எனப்படும். வெறுங்கையால் தொட்டு வீழ்த்துவதுபோல் நடித்து அவரைத் தயங்கச் செய்வதும் தடையே. அடைந்திருக்கக்கூடிய தளத்தை நடுவர் ஓடுபவர்க்கு வழங்குவார். முன்னாளில் அமெரிக்க விதிநூல், பந்தை வாங்கவிருக்கும் நிலையில் நிற்பவர்க்குச் சலுகை அளித்திருந்தது. 'வாங்கவிருக்கும் நிலை' யாது என்பதில் நடுவர்க்கு நடுவர் கருத்து வேறுபட்டது. பின்னர் அச்சலுகை நீக்கப்பட்டது. இன்று நடுவர் நோக்குவது பந்து கையில் உள்ளதா, இல்லையா என்பதையே.