பத்துக் கிலோ 'பொம்மை'

எறும்பாக வந்த தேவர்கள் வழுக்காமல் ஏற, ஈசன் சற்றே சாய்ந்து கொடுத்தாராம். திருவெறும்பூர் மலைக் கோயிலின் தலபுராணம் இது. அதே ஊரில் 1965-இல் பாய்லர் தொழிற்சாலையும் வந்தது. அங்கே பிள்ளைகளுக்கு இயந்திர மோகம் இருப்பதில் வியப்பென்ன?

"அம்மா, பெட்ரோலில் ஓடும் ரேடியோ கார் வேண்டும்" என்று உங்கள் பிள்ளை கேட்கிறானா? கொஞ்சம் பொறுங்கள்!

1898-இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ரேடியோவால் சிறு படகை ஓட்டிக் காட்டினார். இந்தக் கார் அதன் கொள்ளுப்பேரன். நிஜ வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, சுமார் பத்துக் கிலோ எடை. மேடு பள்ளத்தில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேலும் பாயும்!

பழைய டி.வி.எஸ். 50 மொபெட் நினைவிருக்கிறதா? அதைப் போல இதற்கும் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். காற்று வடிகட்டியைக் காப்பி வடிகட்டி போலவே சுத்தமாக வையுங்கள். கழுவி, உலர்த்தி, வடிகட்டி எண்ணெய் தடவுங்கள். புழுதி புகுந்தால் என்ஜின் தேய்ந்து போகும்.

முக்கியமான விஷயம் பாட்டரி. அது தீர்ந்தாலும் பெட்ரோல் தீராது. கார் கட்டுக்கடங்காமல் ஓடலாம். எனவே முதலில் கைப்பெட்டியையும், பிறகு காரின் ரிசீவரையும், கடைசியில் என்ஜினையும் இயக்குங்கள். நிறுத்தும்போது வரிசை தலைகீழ். திறந்த மைதானம் போதாது; குழந்தைகள் ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

ஈசன் எறும்புக்குச் சாய்ந்து கொடுத்தார். இந்தக் கார் யாருக்கும் சாய்ந்து கொடுக்காது. விலகி நிற்க வேண்டியவர்கள் நாம்தான்!