மைனஸ் 30-இல் எது ஓடும்?

மார்கழி பிறந்துவிட்டால் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துவிட்டுத்தான் தலைக்குத் தேய்க்க முடியும். களம் களமாகப் பருப்பைக் காயவைத்து, ஆட்டி, ஊருக்கெல்லாம் எண்ணெய் அனுப்பும் ஊருக்கே இந்தக் கதி. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் கோணல் கிடையாது. ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும். அதனால் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் இறுகிவிடுகிறது. கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பனிமலையில் வண்டி ஓட்டி, கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களின் கவலையும் இதேதான்: எது, எந்த வெப்பநிலையில் உறையும்? டீசலில் பாரஃபின் மெழுகு இருக்கிறது. குளிர் ஏறினால் அது துகள்களாகத் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். லடாக் போன்ற இடங்களுக்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. பெட்ரோலின் மூலக்கூறுகள் சிறியவை. மைனஸ் 40-இலும் அது திரவம்தான். குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கும் ஸ்னோ ஸ்கூட்டர்கள் பெட்ரோலில் ஓடுபவை. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் அகலமான ரப்பர் பட்டை. எடை பரவிவிடுவதால், மனிதன் இடுப்பளவு புதையும் பனியில்கூட வண்டி மேலாக ஓடிவிடும். கனடாவின் பொம்பார்டியே 1959-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கி-டூதான் இந்த வகை வண்டியை உலகெங்கும் பரப்பியது.

வண்டி ஓடிவிடும், ஓட்டுகிறவர் பாடுதான் திண்டாட்டம். மைனஸ் 10 டிகிரியில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்துக்கு அது மைனஸ் 21 போல உறைக்கும். உடம்பைச் சுற்றியிருக்கும் வெதுவெதுப்பான காற்றை வேகம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. புதைந்த வண்டியைத் தள்ளி வியர்த்தால் நிலைமை இன்னும் மோசம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். நம் திருப்பூர்ப் பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கொங்கு வெயிலுக்கு அதுதான் சுகம், அங்கேயோ ஆளைக் கொல்லும். உடம்பை ஒட்டிக் கம்பளியோ பாலியஸ்டரோதான் போட வேண்டும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைப்பது பனியில் பழகியவர்களின் வழக்கம். பனிக்கட்டி மிதப்பதால் மேல்பக்கம்தான் முதலில் உறையும். தலைகீழாக இருந்தால் அந்த மேல்பக்கம் பாட்டிலின் அடி. மூடிப் பக்கம் திறக்க வரும்.

ராத்திரிக்கு, குளிரைத் தரும் பனியே காப்பாகவும் ஆகிறது. புதிதாய் விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளியே மைனஸ் 20 என்றாலும், பனிக்குள் குடைந்த பொந்தில் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை மட்டும் உயிரோடு தோண்டி எடுத்தார்கள். டெல்லி மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்துபோனார். அத்தனை நாள் அவர் தாக்குப்பிடித்ததை அதிசயம் என்றே எல்லோரும் எழுதினார்கள். அதில் பனியின் காப்புக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுப்பு விஷயம் தனி. சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. சிலிண்டரில் வாயு இருந்தும் அடுப்பு அணையும். பம்ப் அடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் காற்றுப் புகாத இடத்தில் எந்த அடுப்பு எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. பனிப் பொந்தின் கூரையில் ஒரு கம்பைச் செருகி ஓட்டை போட்டுவிட்டு, ராத்திரி பனி விழ விழ அந்தக் கம்பை ஆட்டி வழியைத் திறந்து வைப்பதற்குக் குழுவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.