மென்பொருள் பொதியை வெளியிடும் முன் சோதித்தல்

மென்பொருள் பொதியை வெளியிடும் முன் சோதித்தல் என்பது, ஒரு நிரலகத்தைப் பொதுக் களஞ்சியத்தில் பதிவேற்றுவதற்கு முன், நிரலாளர் அதைத் தம் கணினியிலேயே பொதியாக உருவாக்கி, நிறுவி, இயக்கிப் பார்க்கும் நடைமுறை ஆகும். இங்கு சோதிக்கப்படுவது மூலநிரல் அன்று. பயனரைச் சென்றடையவிருக்கும் பொதி. பைத்தான் மொழியின் பொதுக் களஞ்சியமான பைபிஐ-யும் அதில் உள்ள ஓப்பன்-தமிழ் நிரலகமும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

தேவை

பைபிஐ-யில் ஒருமுறை பதிவேற்றிய கோப்பின் பெயரை மீண்டும் பயன்படுத்த முடியாது. கோப்பை நீக்கினாலும் இவ்விதி மாறாது. எனவே 1.0 பதிப்பில் பிழை இருந்தால், அதே பெயரில் திருத்திய கோப்பை ஏற்ற இயலாது, 1.0.1 போன்ற புதிய எண்ணுடன்தான் வெளியிட வேண்டும். அதற்குள் பழைய பதிப்பைப் பலர் நிறுவியிருக்கக்கூடும்.

பொதியில் நேரும் பிழைகள்

ஓப்பன்-தமிழ் என்பது தமிழ் உரையைக் கையாள்வதற்கான கட்டற்ற பைத்தான் நிரலகம். எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் இதனை வளர்த்து வருகின்றனர். எழுத்துகளைப் பிரித்தல், குறியாக்க மாற்றம், சொல்திருத்தி முதலிய கூறுகள் இதில் உண்டு.

சொல்திருத்திக்கு நிரல் மட்டும் போதாது, சொற்பட்டியலும் வேண்டும். பைத்தான் நிரல் கோப்புகள் பொதியில் எளிதாகச் சேர்ந்துவிடும். சொற்பட்டியல் போன்ற தரவுக் கோப்புகளைச் சேர்க்குமாறு பெரும்பாலும் தனியே குறிப்பிட வேண்டும். குறிப்பிட மறந்தாலும் நிரலாளரின் கணினியில் எல்லாம் சரியாக இயங்கும். கோப்பு அதே அடைவில் இருப்பதே காரணம். நிறுவிய பயனருக்கு மட்டும் 'கோப்பு இல்லை' என்ற பிழை வரும்.

குறியாக்கம் மற்றொரு சிக்கல். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. புள்ளியின் கடைசி பைட்டின் மதிப்பு 141. விண்டோஸ்-1252 குறியாக்கத்தில் அந்த மதிப்புக்கு எழுத்து இல்லை. ஆகவே குறியாக்கத்தைச் சொல்லாமல் தமிழ்க் கோப்பைத் திறக்கும் நிரல், லினக்சில் இயங்கினாலும் சில விண்டோஸ் கணினிகளில் நின்றுவிடும்.

செய்முறை

1. 'பில்டு' கருவியால் பொதியை உருவாக்குதல். இக்கருவி இயல்பாக முதலில் மூலப் பொதியையும், பின் அதிலிருந்து 'வீல்' கோப்பையும் ஆக்கும். மூலப் பொதியில் விடுபட்ட கோப்பு வீலிலும் இராது.
2. வீலைத் திறந்து பார்த்தல். அது ஒரு ஜிப் கோப்பே. தரவுக் கோப்புகள் உள்ளனவா என்று எளிதில் காணலாம்.
3. 'ட்வைன்' கருவியின் 'செக்' கட்டளையால், பொதியின் விளக்கவுரை பைபிஐ பக்கத்தில் சரியாகத் தோன்றுமா எனச் சரிபார்த்தல்.
4. புதிய மெய்நிகர் சூழலை உருவாக்கி வீலை அதில் நிறுவுதல். குறிப்பிட மறந்த சார்புப் பொதிகள் இங்கே வெளிப்படும்.
5. மூலநிரல் அடைவை விட்டு வெளியேறி, வேறு அடைவிலிருந்து இயக்குதல். அதே அடைவில் இருந்தால், பைத்தான் நிறுவிய பொதியை விடுத்து மூலநிரலையே எடுத்துக்கொள்ளக்கூடும்.

இறுதிச் சோதனைக்கு ஊர்ப்பெயர்களே போதும். 'தருமபுரி' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் 8 என்று கூறும். அது குறியீடுகளின் எண்ணிக்கை. ஓப்பன்-தமிழின் எழுத்துப் பிரிப்புச் செயற்கூறு த, ரு, ம, பு, ரி என 5 எழுத்துகளைத் தர வேண்டும். அவ்வாறே 'ஒகேனக்கல்' 9 குறியீடுகள், 6 எழுத்துகள். சொல்திருத்தியையும் ஒருமுறை இயக்கினால் சொற்பட்டியல் வந்துள்ளதா என்பது தெரிந்துவிடும்.

இவற்றுக்குப் பின், டெஸ்ட்பைபிஐ என்னும் தனிச் சோதனைக் களஞ்சியத்தில் பதிவேற்றிப் பழகலாம்.

டெபியனில்

டெபியன் இயங்குதளப் பொதிகளுக்கும் இதே கொள்கை பொருந்தும். 'எஸ்பில்டு', 'பிபில்டர்' ஆகியவை தூய சூழலில் பொதியை உருவாக்குகின்றன. 'லின்டியன்' விதிமீறல்களைக் கண்டறிகிறது. 'பியூபார்ட்ஸ்' பொதியை நிறுவுதல், மேம்படுத்துதல், நீக்குதல் ஆகியவற்றைச் சோதிக்கிறது.

வரம்புகள்

ஒரே கணினியில் செய்யும் சோதனை, அதன் இயங்குதளத்துக்கும் பைத்தான் பதிப்புக்கும் மட்டுமே உறுதி தரும். பிற சூழல்களுக்குத் தொடர் ஒருங்கிணைப்புச் சேவைகள் உதவும். எனினும் விடுபட்ட கோப்பையோ சார்பையோ கண்டறிய, புதிய மெய்நிகர் சூழலும் சில நிமிடங்களும் போதும்.