வர்ணமும் ஓட்டப் பந்தயமும்

சித்தூர் என்றவுடன் இசையன்பர் நினைவுக்கு வருபவர், 1954இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற சுப்பிரமணிய பிள்ளை அவர்கள். லயத்திற்குப் பேர்போன காஞ்சீபுரம் நாயனா பிள்ளையின் சீடர் அவர். அம்மரபுக்குக் காலப்பிரமாணமே உயிர்நாடி. கச்சேரியில் அதற்கு முதற் சோதனை, தொடக்கத்தில் பாடப்பெறும் வர்ணமேயாகும்.

பைரவி ராகத்து 'விரிபோணி' வர்ணத்தை எடுத்துக்கொள்வோம். அட தாளம், ஆவர்த்தத்திற்கு 14 அட்சரங்கள். முதற்காலத்தில் எடுத்த வேகம் இரண்டாங்காலத்தில் இரட்டிக்கும். தொடக்கத்திலேயே சற்று விரைந்துவிட்டாலோ, பின்னர்க் கமகங்கள் நசுங்கும், மூச்சும் தடுமாறும்.

1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் விரைந்து முந்திய மில்கா சிங், இடையே வேகத்தைத் தணித்தார். நொடியில் பத்தில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலம் நழுவி, நான்காமிடமே கிட்டியது. அவருக்குப் பந்தயம் அத்துடன் முடிந்தது. பாடகருக்கோ அதன் பிறகும் இரண்டு மணி நேரம் உண்டு. தொண்டை களைத்தால் ராக ஆலாபனைக்கு என் செய்வார்?

1959இல் திருப்பதியில் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவர இசை நாட்டியக் கல்லூரி முதலிய இடங்களில் பயில்வோர், வர்ணத்தை இரு காலங்களிலும் சாதகம் செய்வது இதன்பொருட்டே. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் சிலரோ, வர்ணத்தை இருக்கை தேடும் பொழுதாகவே கழித்துவிடுகின்றனர்.