கணினிக்கு ஊர் தெரியுமா?

பஞ்சாங்கம் கணிக்கும் புரோகிராம் ஒன்றை மேஜைக் கணினியில் திறந்தால், அது முதலில் கேட்பது "தாங்கள் இருக்கும் ஊர் எது?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகற்பொழுதை 8 கூறாக்கினால் அதில் ஒன்று ராகு காலம். தீர்க்கரேகை ஒரு பாகை மேற்கே நகர்ந்தால் உதயம் 4 நிமிஷம் பிந்திவிடும். ஆகவே ஊர் தெரியாமல் கணக்கு நடவாது. ஆனால், தம் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை மனப்பாடமாய் ஒப்பிக்கவல்ல கிருகஸ்தர்கள் நம்மில் எத்தனை பேர்?

அதே கணினியில் திறந்திருக்கும் உலாவியோ இவ்விஷயத்தில் மகா கெட்டிக்காரன். கணினியில் ஜி.பி.எஸ். கருவி இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. அக்கம்பக்கத்து வைஃபை பெட்டிகளின் அடையாள எண்களைத் திரட்டித் தொலைவிலுள்ள ஒரு பெரிய தகவல் கிடங்குக்கு அனுப்பி, அவ்வெண்கள் ஒருசேரக் கேட்கும் இடம் எதுவென்று விசாரித்துக்கொள்கிறது. வைஃபையும் இல்லையென்றால் இணைய முகவரி எண்ணைக் கொண்டு ஊகிக்கிறது. அந்த ஊகம் சில வேளைகளில் நம்மை வேறு ஊருக்கே குடியேற்றிவிடுவதும் உண்டு! அதனால்தான் உலாவி, விடையுடன் "இத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம்" என்று ஓர் எண்ணையும் சேர்த்துத் தருகிறது. அதை வீசி எறிந்துவிட்டு ரேகைகளை மட்டும் வாங்கிக்கொள்ளும் புரோகிராமை நாம் நம்பமாட்டோம்.

உலாவிக்குத் தெரிந்த விஷயத்தைப் பஞ்சாங்கப் புரோகிராமுக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி? வழி சுலபந்தான். புரோகிராம் 127.0.0.1 என்ற முகவரியில் ஒரு சிறு வாசலைத் திறந்து வைக்கிறது. அந்த முகவரிக்கு "இதே யந்திரம்" என்று பொருள். அங்கே செல்லும் கடிதம் வீட்டை விட்டு வெளியே போகாது. பிறகு அவ்வாசலிலிருந்தே ஒரு பக்கத்தை உலாவியில் திறக்கிறது. அப்பக்கம் இடத்தைக் கேட்கிறது. உலாவி நம்மிடம் அனுமதி கேட்கிறது. நாம் சரி என்றால், ரேகைகள் வாசல் வழியே புரோகிராமிடம் வந்து சேர்கின்றன. மறைகுறியீடு இல்லாத பக்கங்களுக்கு இடம் சொல்வதைக் குரோம் உலாவி 2016-இல் நிறுத்தியபோதும், சொந்த யந்திரத்தின் முகவரிக்கு விலக்கு அளித்தது.

வாசல் என்று ஒன்று இருந்தால் வேண்டாதவர்களும் வந்து தட்டுவார்கள். உலாவியில் திறந்திருக்கும் வேறொரு பக்கம் பொய்யான ரேகைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம். ஆகவே ஒரே முறை செல்லும் ரகசியச் சொல் ஒன்றைத் தன் பக்கத்தில் எழுதி வைத்து, அதனுடன் வரும் விடையை மட்டுமே புரோகிராம் ஏற்க வேண்டும். வாங்கியதும் வாசலை அடைத்துவிடுவது உத்தமம்.

இதைவிட நுட்பமான சங்கடம் ஒன்று இருக்கிறது. அனுமதி கேட்கும்போது உலாவி காட்டுவது 127.0.0.1 என்பதையும் ஒரு போர்ட் எண்ணையுந்தான். புரோகிராமின் பெயரை அல்ல. பெயர் சொல்லாமல் கதவிலக்கத்தை மட்டும் சொல்பவருக்கு நாம் வீட்டு விவரம் கொடுப்போமா? அந்த அனுமதியை நினைவில் வைக்கும்படி உலாவியிடம் சொல்லிவிட்டால், நாளைக்கு அதே போர்ட்டில் குடியேறும் முற்றிலும் வேறான புரோகிராமுக்கும் அது செல்லுபடியாகிவிடும். ஆதலால், புரோகிராம் முதலில் தன் சொந்த ஜன்னலில் பெயரும் காரியமும் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிய போர்ட் எண்ணில் உலாவியைத் திறப்பதே மரியாதையான முறை என்பது நம் அபிப்பிராயம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்றும் பார்க்க வேண்டும். பாகையில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 11 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் கிழக்கு மேற்காக விலகினாலும் உதயம் அரை நிமிஷங்கூட மாறாது. அப்படியிருக்க, நம் தெருவும் வாசலும் பஞ்சாங்கத்துக்கு எதற்கு? புரோகிராமுக்கு அனுப்புமுன் ரேகைகளை ஒரு தசம ஸ்தானத்தோடு நிறுத்திவிடலாம்.

உலாவியை நாடாமல் விண்டோஸ், மாக் முதலியவற்றின் சொந்த இட சேவையைக் கேட்பதும் உண்டு. லினக்ஸில் அந்த வேலையைச் செய்யும் ஜியோகிளூ நெடுநாள் மொஸில்லாவின் தகவல் கிடங்கை நம்பியிருந்தது. 2024-இல் அக்கிடங்கு மூடப்பட்டதும் அதற்கு வேறு புகலிடம் தேடவேண்டியதாயிற்று. ஊர் ஊராய் மடிக்கணினியுடன் அலைபவருக்கு இத்தனை ஏற்பாடும் உபயோகமானதே. கும்பகோணத்தில் ஒரே மேஜைமேல் வருஷக்கணக்காக அமர்ந்திருக்கும் கணினிக்கு, ஊர்ப் பட்டியலில் "கும்பகோணம்" என்று ஒரு தடவை தொட்டுக் காட்டினாலே போதும்.